‘தா’ன்னா தரணுமா?

ரயில் நிலையத்தில் தொலைந்துபோன பொருள்களைக் கொண்டுவந்து சேர்க்கும் அறை, பெரிய மாடிப்படிக்கு அடியில் இருந்தது. படிக்கு அடியில் என்பதால் அறையின் கூரையும் படிப்படியாக இறங்கிக்கொண்டே போகும். ஜன்னலருகே நிமிர்ந்து நடக்கலாம். உள்ளே போகப் போகக் குனிய வேண்டும். கடைசி அலமாரியில் எதையாவது எடுக்க வேண்டுமென்றால் தவழத்தான் வேண்டும். இருபத்து மூன்று வருஷமாக அந்த அறையில் நிமிர்ந்தும் குனிந்தும் தவழ்ந்தும் வேலை பார்த்தவரை நிலையம் முழுக்க ‘ங்கக்கா’ என்று கூப்பிட்டார்கள்.

எதற்கு அந்தப் பெயர் என்று அவரிடம் ஒரு நிமிஷம் பேசியவர்கள் கேட்க மாட்டார்கள். “வாங்க, சொல்லுங்க, என்னங்க தொலைச்சீங்க, எப்பங்க, எந்த வண்டிங்க, எந்தப் பக்க ஜன்னலோரங்க?” என்று ஒரே மூச்சில் கேட்பார். மனிதர்களுக்கு மட்டும் என்றில்லை. பொருள்களுக்கும் அதே மரியாதைதான். “ஒரு குடை வந்திருக்காங்க. கொஞ்சம் நனைஞ்சிருக்காங்க” என்று மேனேஜருக்குத் தகவல் சொல்வார். குடைக்கு எதற்கு மரியாதை என்று மேனேஜர் ஒரு தடவை கேட்டே விட்டார். “யாரோ ஒரு பெரிய மனுஷரோட குடையா இருக்கலாம் இல்லீங்களா? அவர் வர்ற வரைக்கும் அவரோட இடத்துல இவங்கதானே நிக்கிறாங்க” என்றார் ங்கக்கா.

கொடுத்த மரியாதை அப்படியே திரும்பி வர வேண்டும் என்பதிலும் அவர் கறார். அவருடைய கணவர் மின்விசிறி ரிப்பேர் செய்பவர். கல்யாணமாகி முப்பது வருஷம் ஆன பிறகும் இருவரும் ‘நீங்க’தான். ஒரு நாள் ங்கக்கா எட்டி எடுத்துக் கொடுத்த சுத்தியல் நழுவிக் கணவரின் கால் கட்டைவிரலில் விழுந்தது. வலி தாங்காமல் “ஏய்!” என்று கத்திவிட்டார். ங்கக்கா நாலு நாள் பேசவில்லை.

“விழுந்தது என் கால்லங்க” என்று அவர் கெஞ்சினார்.

“விழட்டுங்க. அதுக்காக ‘ஏய்’ங்கலாமாங்க?”

இந்தக் கதையில் அவரை ‘அவள்’ என்று எழுதக் கை வராததற்கும் அதுதான் காரணம். தேடிக்கொண்டு வந்து கேட்பார்.

நிலையத்தில் அவர் முகம் கொடுத்துப் பேசாத ஆள் ஒரே ஒருவர். எதிர்ப்பக்கம் விசாரணைக் கவுன்ட்டரில் உட்கார்ந்திருக்கும் பெண்மணி. எட்டு மொழி தெரிந்தவர். ஆறு வருஷத்துக்கு முன்னால் ங்கக்கா ஏதோ கேட்கப் போனபோது அந்தப் பெண்மணி, ‘சொல்லுங்க’ என்று சொல்லாமல் வெறுமனே “சொல்லு” என்றாராம். ங்கக்கா எதுவும் சொல்லாமல் திரும்பிவிட்டார். அன்றைக்கு அறுந்த பேச்சு அறுந்ததுதான். இருபது அடி தூரத்தில் எட்டு மொழி உட்கார்ந்திருக்க, ங்கக்கா ஒரு மொழியை வைத்துக்கொண்டே உலகத்தைச் சமாளித்து வந்தார்.

ஒரு வியாழக்கிழமை காலை பதினோரு மணிக்கு அந்தச் சமாளிப்புக்கு ஆபத்து வந்தது. ரோஜா நிறத் தொப்பி போட்டுக்கொண்டு, எழுபது வயது மதிக்கத்தக்க வெளிநாட்டு அம்மாள் ஒருவர், சுவரைத் தடவித் தடவி ஜன்னலுக்கு வந்து சேர்ந்தார். முதலில் ஜன்னலுக்குப் பக்கத்தில் இருந்த தீயணைப்பு வாளியைப் பார்த்துத்தான் பேச ஆரம்பித்தார்.

“இங்கங்கம்மா, இந்தப் பக்கங்க” என்றார் ங்கக்கா. “என்னங்க தொலைஞ்சுபோச்சு?”

தொப்பி அம்மாள் நீளமாக ஏதோ சொன்னார். ஒரு சொல்லும் புரியவில்லை. நடுநடுவே கண்ணைத் தொட்டார், மூக்கைத் தொட்டார், இமைகளைப் படபடவென்று கொட்டினார். பாவம், பொருளைத் தொலைத்த துக்கத்தில் அழுகிறார் என்று ங்கக்கா நினைத்துக்கொண்டார். மனசு கரைந்து, கைக்கு அருகில் இருந்த கறுப்புக் குடையை எடுத்துக் காட்டினார்.

“இவங்க உங்களோடவங்களா?”

“தா” என்றார் தொப்பி அம்மாள்.

ங்கக்காவுக்குச் சுரீரென்றது. குடுங்க இல்லை, எடுங்க இல்லை, மொட்டையாக ‘தா’! இருபத்து மூன்று வருஷத்தில் ஒரே ஒரு ஆள் “எடு” என்று சொல்லியிருக்கிறார். அவரை ஒரே விண்ணப்பத்தை மூன்று தடவை நிரப்ப வைத்தவர் ங்கக்கா. பள்ளிக்கூடத்தில் இலக்கண வாத்தியார் சொன்னதும் சரியாக அந்த நேரம் பார்த்து ஞாபகம் வந்தது. கீழே இருக்கிறவர் மேலே இருக்கிறவரிடம் கேட்டால் ‘ஈ’, சமமானவரிடம் கேட்டால் ‘தா’, கீழே இருக்கிறவரிடம் கேட்டால் ‘கொடு’. அப்படியானால் இந்த அம்மாளும் நானும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து படித்தோமா?

மரியாதை தெரியாதவர்களைப் பழிவாங்க ங்கக்காவிடம் இன்னொரு வழியும் உண்டு. இரண்டு மடங்கு மரியாதை கொடுப்பார். அது அவர்களைக் குத்த வேண்டும்.

“இந்தாங்கம்மா, வாங்கிக்குங்கம்மா” என்று குடையை நீட்டினார். “இன்னும் ஏதாவது உங்களோடது இருக்குங்களா? இந்த வயலின் பெட்டிங்க?”

“தா” என்று தொப்பி அம்மாள் சிரித்துக்கொண்டே தலையாட்டினார்.

“ஓகோ. இந்தக் கைத்தடிங்க? வாத்துத் தலை வச்ச கைப்பிடிங்க.”

“தா, தா.”

“ரெண்டு தடவை சொல்லணுமாங்க? ஒரு தடவை சொன்னாலே தருவேனே! இந்தாங்க. மூடி இல்லாத ஃபிளாஸ்க்கும் எடுத்துக்குங்க. இந்தப் பூப்பந்து மட்டைங்க? ஒத்தக்கால் ரப்பர் பூட்ஸுங்க?”

“தா! தா, தா, தா!”

ங்கக்காவுக்குக் காது சிவந்துவிட்டது. கடைசியாகத் தவழ்ந்து போய், பல் டாக்டர் ஒருவர் ரயிலில் விட்டுவிட்டுப் போன பாடம் நடத்தும் பல்செட்டைக் கொண்டுவந்தார். பூசணிக்காய் அளவு இருக்கும். மேல் தாடையும் கீழ் தாடையும் கீல் வைத்துத் திறந்து மூடும். “இவங்களும் உங்களோடவங்கதானுங்களே?”

தொப்பி அம்மாள் அதை மார்போடு அணைத்துக்கொண்டு, நெஞ்சு நிறைய, “ஸ்பசீபா” என்றார்.

‘பசிப்பா’ என்றுதான் ங்கக்காவின் காதில் விழுந்தது. என்ன கோபம் இருந்தாலும், பசி என்று வாய் விட்டுச் சொன்னவரை எப்படி அனுப்புவது? தன்னுடைய மதியச் சாப்பாட்டு டப்பாவையும் எடுத்துக் கொடுத்துவிட்டார்.

இத்தனையையும் தூக்க முடியாமல் தொப்பி அம்மாள் திணறுவதைப் பார்த்து, நிலையத்தில் சாமான் ஏற்றும் தள்ளுவண்டிக்காரர் ஓடி வந்தார். அவர் வங்காளி. நாற்பது வயது. வேலைக்குச் சேர்ந்து பதினைந்து நாள்தான் ஆகியிருந்தது. தமிழில் ‘சரி’ தவிர ஒன்றும் தெரியாது. “சரி, சரி” என்று எல்லாவற்றையும் வண்டியில் அடுக்கித் தள்ளிக்கொண்டு போனார். பல்செட் மேலே உட்கார்ந்து, வண்டி குலுங்கும்போதெல்லாம் டக்டக்கென்று கடித்துக்கொண்டே போயிற்று.

கோபம் அடங்கிய பிறகுதான் ங்கக்காவுக்கு உறைத்தது. ஒரு பொருளுக்கும் ரசீது கிழிக்கவில்லை. ஒரு கையெழுத்தும் வாங்கவில்லை. இருபத்து மூன்று வருஷத்தில் இதுதான் முதல் தடவை.

அன்று மாலை தட்டுகளைத் துடைத்து அடுக்கும்போது இன்னொன்றும் உறைத்தது. மூக்குக்கண்ணாடிகள் கிடக்கும் தட்டில், முந்தின நாள் வந்து சேர்ந்த ஒரு கண்ணாடி, ரோஜா நிற உறையில், தடித் தடியான வில்லைகளோடு படுத்திருந்தது. ங்கக்கா அதைக் கையில் எடுத்துக்கொண்டு ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார்.

“கண்ணைத் தொட்டாங்களே. மூக்கைத் தொட்டாங்களே. ஐயையோ, அவங்க அழலைங்க!”

வெள்ளிக்கிழமை காலை பல் டாக்டர் வந்தார். “தேடிட்டிருக்கோங்க, உள்ள எங்கயோதான் இருக்காங்க” என்று ங்கக்கா சொல்லி அனுப்பினார். அடுத்து பூப்பந்து மட்டைக்காரர். அவரிடமும் அதே பதில். அதற்கடுத்து வயலினைத் தொலைத்த ஒரு ஜெர்மானியர் வந்தார். வாசிக்கிற மாதிரி கையை ஆட்டி, கண்ணீர் விட்டு, சைகையிலேயே முழுக் கச்சேரியும் செய்து காட்டினார். ங்கக்கா நடந்ததை யாரிடமும் சொல்லவில்லை. கணவரிடம்கூடச் சொல்லவில்லை. புகார் தலைமை அலுவலகம் வரைக்கும் போய், திங்கட்கிழமை விசாரணை அதிகாரி ஒருவரைக் கொண்டுவந்து இறக்கியது.

அவர் ஒல்லியானவர். யார் எதைச் சொன்னாலும் எழுதுவார், எழுதும்போதே சத்தமாக வாசிப்பார். மேனேஜர் அறையில் எல்லாரையும் வரிசையாக நிற்க வைத்து, மேஜையில் காணாமல் போன பொருள்களின் படங்களைப் பரப்பினார்.

“ஏழு பொருள். பூட்டு உடையலை. ஜன்னல் உடையலை. ரசீது இல்லை” என்று எழுதி வாசித்தார். “அப்போ உள்ள இருக்கிற ஆள்தான் செஞ்சிருக்கணும். அந்த அறைக்கு வெளியே எப்பவும் நிக்கிறது யாரு?”

தள்ளுவண்டிக்காரரை முன்னால் தள்ளிவிட்டார்கள். மிரண்டுபோய் வந்தவர், மேஜையில் கிடந்த வயலின் பெட்டிப் படத்தைப் பார்த்ததும் முகம் மலர்ந்தார். விஷயம் அவருக்குப் புரிந்துவிட்டது. சாமான் எங்கே இருக்கிறது என்று அவருக்குத்தானே தெரியும்? மேனேஜரை நோக்கித் திரும்பி உற்சாகமாகச் சொன்னார்:

“மேனேஜர்தா! ஆமி ஜானி!”

பேனா கீறியது.

“மேனேஜர்தான். ஆமா. ஜானி” என்று அதிகாரி எழுதி வாசித்தார். மேனேஜரை நிமிர்ந்து பார்த்தார். “யாருங்க அந்த ஜானி?”

“சார், எனக்கு ஜானின்னு யாரையும் தெரியாது சார்!”

“சரி. ஜானியைத் தெரியாது. மத்தபடி உங்களுக்கு மறுப்பு ஒண்ணும் இல்லை.”

“சார்!”

தள்ளுவண்டிக்காரர் யாருக்கும் புரியவில்லை என்று கண்டுகொண்டார். தலையில் தொப்பி போடுவதுபோல் காட்டினார், வண்டி தள்ளுவதுபோல் காட்டினார், பல்லைக் கடகடவென்று அடித்துக் காட்டினார். பிறகு மேனேஜர் முன்னால் கைகளைக் கூப்பி, “மேனேஜர்தா, மேனேஜர்தா” என்று இறைஞ்சினார்.

“கையெடுத்துக் கும்பிட்டு மூணாவது தடவையா சொல்றார்” என்று அதிகாரி எழுதினார். “தொப்பி போட்ட ஜானி வண்டியில கடத்தியிருக்கான். கேட்டவங்களைக் கடிச்சிருக்கான்.”

மேனேஜர் ஒரு சொம்புத் தண்ணீரையும் குடித்துவிட்டுக் காலிச் சொம்பையே பார்த்துக்கொண்டிருந்தார். ங்கக்கா மூலையில் நின்று எல்லாவற்றையும் பார்த்தார். வாயைத் திறக்காமல் இருந்தால் போதும். இல்லாத ஜானி தலையில் எல்லாம் விழுந்துவிடும். ஆனால் பாதி மேனேஜர் தலையிலும் விழும். ‘வாங்க, உக்காருங்க’ என்பதைத் தவிர வேறு மாதிரிப் பேசாத மனிதர். பொய் சொன்ன ஆளாக அந்தத் தள்ளுவண்டிக்காரரும் நிற்க வேண்டி வரும்.

ங்கக்கா ஒரு அடி முன்னால் வந்தார். “நான்தாங்க.”

அதிகாரி திரும்பினார். “நீங்கதான் ஜானியா?”

“ஐயோ, இல்லீங்க! பொருளையெல்லாம் குடுத்தது நான்தாங்க. தொப்பி போட்ட ஒரு அம்மா வந்தாங்க. நான் ஒவ்வொண்ணா எடுத்துக் காட்டினேங்க. அவங்க ‘தா’ன்னாங்க. தந்துட்டேங்க.”

“ஏழையும்?”

“சாப்பாட்டு டப்பாவைச் சேர்த்தா எட்டுங்க.”

“ஏம்மா, ‘தா’ன்னா தரணுமா?”

“மரியாதையில்லாமக் கேட்டாங்கன்னு கோவத்துல தந்துட்டேங்க” என்றார் ங்கக்கா. அதை எப்படி எழுதுவது என்று தெரியாமல் அதிகாரி முதல் தடவையாகப் பேனாவைக் கீழே வைத்தார்.

மேனேஜருக்கு உயிர் திரும்பி வந்தது. “வெளிநாட்டு அம்மாவா? விசாரணைக் கவுன்ட்டர்ல கேட்டா மொழி தெரியுமே! போய்க் கூட்டிட்டு வாங்க” என்று ங்கக்காவையே அனுப்பினார். இருபது அடி. ஆறு வருஷமாக நடக்காத இருபது அடி. ங்கக்கா நடந்தார். கவுன்ட்டர் முன்னால் போய் நின்று, கம்பியைப் பார்த்துக்கொண்டே, “ஒரு உதவி வேணுங்க” என்றார்.

பெண்மணிக்குக் கையிலிருந்த ரப்பர் ஸ்டாம்ப் நழுவியது. “அக்கா! நீங்களா பேசுறீங்க? நான் என்னக்கா தப்பு செஞ்சேன்? ஆறு வருஷமா யோசிச்சுக்கிட்டே இருக்கேன்.”

“‘சொல்லு’ன்னீங்களே.”

“எப்போ?” பெண்மணி நெற்றியைச் சுருக்கி யோசித்தார். யோசித்து, வாயைப் பொத்திக்கொண்டார். “அக்கா! காதுல போன் வச்சிருந்தேன். அந்தப் பக்கம் என் மக. அவளைத்தான் ‘சொல்லு’ன்னேன்!”

ங்கக்கா கம்பியிலிருந்து கண்ணை எடுத்து அவரை நிமிர்ந்து பார்த்தார். பிறகு, “மக நல்லா இருக்காங்களா?” என்று கேட்டார்.

“கல்யாணமே ஆயிடுச்சுக்கா.”

மேனேஜர் அறைக்கு வந்த பெண்மணி முழுக் கதையையும் கேட்டு, சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். “அக்கா, அவங்க பேசினது ரஷ்ய மொழி. ரஷ்யன்ல ‘தா’ன்னா ‘ஆமா’. ‘ஸ்பசீபா’ன்னா ‘நன்றி’. கண்ணாடி இல்லாம எதைக் காட்டுறீங்கன்னு தெரியலை, என்ன கேக்குறீங்கன்னும் புரியலை. பாவம், மரியாதைக்காக எல்லாத்துக்கும் ‘ஆமா, ஆமா’ன்னு சொல்லியிருக்காங்க.”

“மரியாதைக்காகவா!” என்று ங்கக்கா நெஞ்சில் கை வைத்தார்.

“இவர் சொன்னது?” என்று அதிகாரி தள்ளுவண்டிக்காரரைக் காட்டினார்.

“அது வங்காளம் சார். அங்க ‘தா’ன்னா அண்ணன். மரியாதையா ‘மேனேஜர் அண்ணே’ன்னு கூப்பிட்டிருக்கார். ‘ஆமி ஜானி’ன்னா ‘எனக்குத் தெரியும்’.”

அதிகாரி தன் தாளைப் பார்த்தார். ஜானியின் மேல் ஒரு கோடு போட்டார். அடித்தபோது கொஞ்சம் வருத்தமாகவே இருந்தார்; நல்ல குற்றவாளியாக வந்துகொண்டிருந்தான்.

அதற்கப்புறம் எல்லாரும் தெருவில் இறங்கினார்கள். தள்ளுவண்டிக்காரர் காலி வண்டியோடு முன்னால் போனார். பின்னால் மேனேஜர், கவுன்ட்டர் பெண்மணி, நடந்துகொண்டே எழுதும் அதிகாரி, ரோஜா நிற உறையை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு ங்கக்கா. வாசலில் காத்துக் கிடந்த வயலின்காரரும், ஏதோ நடக்கிறது என்று தெரிந்து, சேர்ந்துகொண்டார்.

நாலாவது கட்டடம் ஒரு சின்னத் தங்கும் விடுதி. கீழ்த்தள அறையின் கண்ணாடி ஜன்னல் வழியே பார்த்தால், நாற்காலியில் ராஜா மாதிரி உட்கார்ந்திருந்தது வயலின் பெட்டி. வயலின்காரர் துள்ளினார். ங்கக்காவின் தோளைப் பிடித்து உலுக்கி, “டா! டா!” என்று கத்தினார்.

“என்னங்க இது அநியாயமா இருக்கு!” என்று ங்கக்கா பொங்கிவிட்டார். “அந்தம்மா ‘தா’ன்னாங்க, பொறுத்தேன். இவர் ‘டா’ங்கிறார்! அதுவும் பொம்பளையப் பாத்து! ‘டி’ன்னு சொன்னாக்கூட இலக்கணமாவது சரியா இருக்கும்!”

“அக்கா, அது ஜெர்மன்! ‘அதோ இருக்கு’ன்னு காட்டுறார்!”

சத்தம் கேட்டுத் தொப்பி அம்மாள் ஜன்னலைத் திறந்து, மங்கலாகத் தெரிந்த கூட்டத்தைப் பார்த்து, “தா?” என்றார். வயலின்காரர் பெட்டியைக் காட்டி, “டா!” என்றார். “தா, தா” என்று அம்மாள் ஆமோதித்தார். ‘தாதா’ என்று காதில் விழுந்ததும் தள்ளுவண்டிக்காரர் யாரோ தன் அண்ணனைக் கூப்பிடுகிறார்கள் என்று பின்னால் திரும்பிப் பார்த்தார். ங்கக்காவோ, பழக்கதோஷத்தில், கையிலிருந்த கண்ணாடி உறையை வயலின்காரரிடம் தந்துவிட்டார். பெண்மணி பிடுங்கிச் சரிசெய்ய வேண்டியதாயிற்று.

உள்ளே மேஜை மேல் எட்டுப் பொருளும் துடைத்து வரிசையாக வைக்கப்பட்டிருந்தன. சாப்பாட்டு டப்பா கழுவிக் கவிழ்த்திருந்தது. ஒவ்வொன்றின் பக்கத்திலும் ஒரு ஜோடி கம்பளிக் காலுறை. தொப்பி அம்மாள் சொல்லச் சொல்லப் பெண்மணி எடுத்துச் சொன்னார்.

“நான் கண்ணாடி கேட்டு வந்தேன். ஜன்னல்ல இருந்த அம்மா என்னைத் தெரியாமலே அவ்வளவு அன்பா ஒவ்வொண்ணா எடுத்துக் குடுத்தாங்க. இந்த ஊர்ல வந்தவங்களுக்கு இப்படித்தான் வரவேற்புக் குடுப்பாங்க போலன்னு நெனச்சேன். கடைசியில தன்னோட சாப்பாட்டையே குடுத்துட்டாங்க. நான் சும்மா இருக்கலாமா? எட்டுப் பரிசுக்கு எட்டு ஜோடி. நாலு நாளா பின்னிக்கிட்டே இருக்கேன்.”

கண்ணாடி இல்லாமல் பின்னியவை. ஒன்றில் குதிகால் முன்பக்கம் இருந்தது. ஒன்றில் கால் நுழைய வழியே இல்லை. இன்னொன்றில் இரண்டு வழி இருந்தது. ஒரு ஜோடியில் ஒன்று முழங்கால் வரைக்கும், மற்றது பெருவிரல் வரைக்கும்.

ங்கக்கா கண்ணாடியை எடுத்து அவர் மூக்கில் தானே மாட்டிவிட்டார். தொப்பி அம்மாள் இமைகளைக் கொட்டினார். முதலில் கண்ணில் பட்டது பல்செட். சோப்புப் பெட்டி என்று நினைத்து அதற்குள் சோப்பை வைத்திருந்தார். வீல் என்று ஒரு அலறல். அடுத்து காலுறைகளைப் பார்த்தார். ஒன்றைத் தூக்கி, திருப்பி, உள்ளே கையை விட்டு, இரண்டு பக்கமும் விரல் வெளியே வருவதைப் பார்த்துக் கண்ணில் நீர் வரச் சிரித்தார். கடைசியாக ங்கக்காவைப் பார்த்து ஏதோ சொன்னார்.

“‘நீங்க நல்ல உயரமா இருப்பீங்கன்னு நெனச்சேன்’ங்கிறாங்க” என்றார் பெண்மணி. பிறகு, “அக்கா, உங்களுக்கு ஒண்ணு சொல்லணும். ரஷ்யன்லயும் நீ, நீங்கன்னு ரெண்டு உண்டு. இந்தம்மா உங்களை ‘நீங்க’ன்னுதான் சொல்றாங்க. அன்னிக்கும் அப்படித்தான் பேசியிருப்பாங்க.”

“அன்னிக்குமா?”

பெண்மணி கேட்டுச் சொன்னார். “ஒரு தடவைகூட ‘நீ’ன்னு வாயில வரலையாம்.”

ங்கக்கா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். அப்புறம் தொப்பி அம்மாளைக் கட்டிப் பிடித்துக்கொண்டு, “மன்னிச்சிருங்கம்மா” என்றார்.

“தா, தா” என்று தொப்பி அம்மாள் முதுகைத் தட்டிக் கொடுத்தார்.

எல்லாருக்கும் அவரவர் பொருள் திரும்பக் கிடைத்தது, காலுறையோடு. பல் டாக்டர் மட்டும், பல்செட்டில் ஏன் லாவண்டர் வாசனை அடிக்கிறது என்று ஒரு கடிதம் எழுதினார். அதிகாரியின் அறிக்கை பதினாறு பக்கம் வந்தது; கடைசி வரியில், ‘ஜானி என்பவர் இல்லை என்று உறுதியானது’ என்று இருந்தது. ரசீது கிழிக்காததற்காக ங்கக்காவுக்கு எழுத்துப்பூர்வமான எச்சரிக்கை கொடுத்தார்கள். அதில் ‘தாங்கள்’ என்று எழுதியிருந்ததால் அவர் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அவருடைய பங்குக்கு வந்த ஜோடியைக் கணவர் போட்டுக்கொண்டார். சுத்தியல் விழுந்த கட்டைவிரலுக்குத் தனியாக ஒரு ஓட்டை இருந்தது சௌகரியமாக இருக்கிறது என்றார்.

அதற்குப் பிறகு ங்கக்கா மதிய இடைவேளையில் கவுன்ட்டருக்குப் போய் உட்கார ஆரம்பித்தார். ‘தா’வின் அர்த்தங்களை ஒரு அட்டையில் எழுதி வாங்கி ஜன்னலுக்குப் பக்கத்தில் ஒட்டிக்கொண்டார். இனி எந்தத் ‘தா’ வந்தாலும் பார்த்துக்கொள்ளலாம் என்று தைரியம் வந்தது.

இரண்டு மாதம் கழித்து ஒரு சீன மொழிக்காரர் வந்தார். வந்ததும் வராததுமாக, “தா!” என்றார்.

ங்கக்கா புன்னகைத்தார். அவசரப்படவில்லை. அட்டையைப் பார்த்தார். “‘ஆமா’ங்கிறீங்களா?”

“தா!”

“‘அதோ’ங்கிறீங்களா? எங்கங்க?” என்று திரும்பிப் பார்த்தார். ஒன்றும் இல்லை. “அப்போ அண்ணனைத் தேடுறீங்க. அண்ணன் என்ன சட்டை போட்டிருந்தாருங்க?”

அவர் இரண்டு கைகளையும் முடிந்த மட்டும் விரித்தார். “தா! தா!”

“அண்ணன் அவ்வளவு குண்டுங்களா?”

எதிர்ப்பக்கத்திலிருந்து ஒலிபெருக்கி முழங்கியது. நிலையம் முழுக்கக் கேட்டது. “அக்கா! சீனத்துல ‘தா’ன்னா பெரிசு! அவரோட சாமான் பெரிசு!”

ங்கக்கா ஒரு விண்ணப்பத் தாளைத் திருப்பிப் போட்டு, வரைந்து காட்டச் சொல்லிப் பென்சிலை நீட்டினார். அவர் ஒரு கட்டம் வரைந்தார். தாள் போதவில்லை. இரண்டாவது தாளை ஒட்டி வரைந்தார். மூன்றாவது தாளில் கட்டம் முடிந்து, நடுவில் பூப்பூவாகப் போட்டார். ங்கக்காவின் முகம் மாறிவிட்டது. அது மெத்தை. இரட்டைக் கட்டில் மெத்தை. யாரும் போகாத தவழும் மூலையில் மூன்று வாரமாகக் கிடந்தது. தினமும் இரண்டு மணியிலிருந்து இரண்டரை வரைக்கும் அதில் படுத்து எழுந்தது யார் என்று நிலையத்தில் ஒருவருக்கும் தெரியாது.

இழுத்து வெளியே கொண்டுவர நாலு பேர் வேண்டியிருந்தது. தள்ளுவண்டிக்காரர், மேனேஜர், சீனர், கவுன்ட்டர் பெண்மணி ஆளுக்கு ஒரு மூலையைத் தலையில் வைத்துக்கொண்டு மூன்றாவது மேடை வரைக்கும் போனார்கள். ங்கக்கா இந்தத் தடவை மறக்காமல் ரசீது கிழித்து, கையெழுத்து வாங்கி, வாசலில் நின்று கையசைத்தார்.

மறுநாள் மதியம் இரண்டு மணிக்கு, புதிதாக வந்து சேர்ந்த பொருள்களை ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்த்தார். தலையணையாவது இருக்காதா என்று ஒரு நப்பாசை. வந்திருந்தது ஒரு ஏணி.